நுகம் படாத கிடாரி

நான் மேலகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் இரண்டு ஆண்கள் மட்டும் இருந்தார்கள். ஒருவர் என் கணவர். தென்காசி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை. மற்றவர் அவருடைய அண்ணன். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரைப் பெரியத்தான் என்று கூப்பிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கூப்பிடுகிற சந்தர்ப்பம் அதிகம் வரவில்லை. தம்பி மனைவியோடு நேருக்கு நேர் நின்று பேசுகிறவர் அல்ல அவர். ஏதாவது வேண்டுமென்றால் கொட்டிலில் நின்று மாட்டிடம் சொல்வதுபோலச் சொல்வார். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொள்வேன்.

எங்கள் சபையில் அவருக்குத் தனி மரியாதை உண்டு. முதல் யுத்தத்தில் பட்டாளத்தோடு போய், கோவேறு கழுதைகளை மேய்த்துக்கொண்டு, எகிப்து வழியாக எருசலேம் வரை நடந்தவர். வேதத்தில் வாசிக்கிற ஊரைக் கண்ணால் கண்ட மனிதர் எங்கள் வட்டாரத்தில் வேறு யாரும் கிடையாது. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் அவரை எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்வார்கள். ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொல்வார். ஒரு பெரிய கல் மதில். கிழட்டு யூதர்கள் அதில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்று அழுகிறார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, இடிந்துபோன கோயிலுக்காக என்றார்களாம். எப்போது இடிந்தது என்று கேட்டதற்கு, ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார்களாம். "நேத்து செத்த பிள்ளைக்கு அழுத மாதிரி அழுதாங்க" என்பார். அதோடு உட்கார்ந்துவிடுவார்.

தென்காசியில் தறி வைத்திருந்த பாய் ஒருவர் அவருக்குச் சிநேகிதர். கோயில் இருந்த அந்த மேட்டின்மேல் இப்போது இருக்கிற பள்ளிவாசலைப் பற்றிக் கேட்பதற்காகவே பாய் வருவார். குவிமாடம் மழையில் நனைந்தால் எப்படி மின்னும், முற்றத்தில் என்ன கல் பாவியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் எழுந்து போகும்போது, "அண்ணாச்சி, அதைப் பாத்த கண்ணுல்லா இது" என்று பெரியத்தானின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார்.

எனக்குக் கல்யாணமான வருஷம் வீட்டுப் பசு ஒரு கிடாரிக் கன்று போட்டது. தாய் கறுப்பும் வெள்ளையும் கலந்த மாடு. கன்றோ முழுச் செவலை. புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடத்தின் நிறம். நெற்றியில் சுட்டி இல்லை, வாலில் வெள்ளை முடி இல்லை, குளம்பும் இமையும்கூடச் சிவப்பு. பக்கத்துக் கோனார் வீட்டு அக்கா வேலி தாண்டி வந்து பார்த்துவிட்டு, லட்சுமி வந்திருக்கா என்று சொல்லி அதன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறு வருஷம் சாரல் மழைக்காலம் ஆரம்பித்த சமயத்தில் அந்தப் பிரசங்கியார் வந்தார். எந்தச் சபையையும் சேராதவர். கொல்லத்திலிருந்து வரும் ரயிலில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு குடை, தோளில் துணிச் சுருள். பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது. குரலை உயர்த்தவே மாட்டார். அவர் பேசும்போது நாம்தான் மூச்சை அடக்கிக்கொண்டு முன்னே சாய வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை வருகிற எங்கள் சபைப் போதகர் ஐயருக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் ஐயர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். இவர் எங்கள் வீட்டு முன்னறையிலேயே தங்கிவிட்டார்.

அந்தச் சுருளை அவர் சுவரில் விரித்துக் கட்டியது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. உலகம் உண்டானதிலிருந்து அழியப்போவது வரைக்கும் ஒரே துணியில் வரைந்திருந்தது. இடது பக்கம் ஏதேன் தோட்டம், நடுவில் சிலுவை, வலது பக்கம் நெருப்பு. நெருப்புக்குச் சற்று முன்னால் ஒரு கோயில். புதிதாகக் கட்டிய கோயில், தூண்கள் வெள்ளையாக இருந்தன. கோயிலுக்குள்ளே ஓர் ஆசனம். ஆசனத்தில் யாரையும் வரையவில்லை. வெறும் ஆசனம். துணி முழுக்க எத்தனையோ மிருகங்களும் தூதர்களும் இருந்தார்கள். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் அந்த ஆசனத்தில்தான் கண்ணை வைத்தார்கள். நானும் அப்படித்தான். அந்த அறையைக் கூட்டிப் பெருக்கும்போது அதற்கு முதுகு காட்டி நிற்க எனக்கு மனம் வராது.

அவர் சொன்னதை இப்படிச் சுருக்கலாம். யூதர்கள் தங்கள் தேசத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே மறுபடியும் கோயில் எழும்பும். எழும்பியதும் அதற்குள் ஒருவன் வந்து உட்கார்ந்து, நானே தேவன் என்பான். அதன் பிறகு உலகம் இதுவரை காணாத உபத்திரவம். அதற்கு முன்னதாக, விசுவாசிகளைக் கர்த்தர் எடுத்துக்கொள்வார். நடக்கிறவன் நடந்தபடி, அரைக்கிறவள் அரைத்தபடி, இருந்த இடத்திலிருந்து மறைந்துபோவார்கள். மற்றவர்கள் இருப்பார்கள்.

கோயில் கட்ட என்ன தடை என்று யாரோ கேட்டார்கள். சுத்திகரிக்கிற சாம்பல் இல்லை என்றார் அவர். பழுதில்லாத, நுகம் ஏறாத, முழுச் சிவப்பான ஒரு கிடாரியைப் பாளயத்துக்கு வெளியே சுட்டெரித்த சாம்பல். அது இல்லாமல் ஆசாரியன் யாரும் அந்த இடத்தில் கால் வைக்க முடியாது. அப்படிப்பட்ட கிடாரி உலகத்தில் பிறந்து எத்தனையோ காலமாயிற்று.

பெரியத்தான் கதவோரம் உட்கார்ந்திருந்தார். "நம்ம கொட்டில்ல ஒண்ணு நிக்கி" என்றார்.

பிரசங்கியார் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். எல்லாரும் பின்னால் போனார்கள். செவலை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சம் பட்டதும் தலையைத் திருப்பிப் பார்த்தது. அவ்வளவுதான். அவர் அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

அடுத்த நாள் பகலில், தென்காசியில் கடிகாரம் பழுது பார்ப்பவரிடமிருந்து ஒரு பூதக்கண்ணாடியை இரவல் வாங்கி வந்து, மூக்கிலிருந்து வால்வரைக்கும் முடி முடியாகச் சோதித்தார். கிடாரி நின்று கொடுத்தது. சாயங்காலம் அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் முழங்கால் போட்டார்.

அன்றிலிருந்து வீடு எங்களுடையதாக இல்லை. செவலையின் முதுகில் எதுவும் படக்கூடாது என்று ஏற்பாடாயிற்று. சாக்குப் போடக்கூடாது, கை ஊன்றக்கூடாது, கயிற்றைக்கூட முதுகு வழியாக எறியக்கூடாது. ஒரு நாள் ஒரு காக்கை வந்து அதன் முதுகில் உட்கார்ந்துவிட்டது. காக்கை பாரத்தில் சேருமா சேராதா என்று அரைநாள் விவாதம் நடந்தது. சேராது என்று முடிவானாலும், காக்கை விரட்ட ஆள் மாற்றி ஆள் கம்போடு நின்றார்கள். கோனார் வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை குங்குமம் வைக்க வந்தபோது அவளைத் தடுத்தார்கள். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிந்தால் ஊர் சும்மா விடாது. அதனால் ஒருவரும் வெளியே வாய் திறக்கக் கூடாது என்று பிரசங்கியார் கட்டளையிட்டிருந்தார்.

இலஞ்சியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் விசுவாசிகள் பார்க்க வந்தார்கள். சாரலில் நனைந்தபடி கொட்டிலைச் சுற்றி நிற்பார்கள். பேச மாட்டார்கள். தொட மாட்டார்கள். பிரேதம் எடுக்கக் காத்திருக்கிற வீட்டில் நிற்பதுபோல நிற்பார்கள். நான் கழுநீர் கொண்டுபோனால் ஒதுங்கி வழிவிடுவார்கள். கிடாரி உறிஞ்சிக் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அது குடித்து முடித்ததும் யாராவது பெருமூச்சு விடுவார்கள்.

அப்போது நான் பிள்ளைத்தாய்ச்சி. வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. ஒரு சாயங்காலம் பிரசங்கியார் உபத்திரவ காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் சற்று நிறுத்தினார். அந்த நாட்களில் வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் பாடுதான் எல்லாவற்றிலும் கொடியது என்று வேதத்தில் சொல்லியிருக்கிறது என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அறையிலிருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து எனக்கு ஒவ்வொருத்தியும் ஏதாவது தின்னக் கொண்டுவந்தாள். பிழைக்கமாட்டாள் என்று வைத்தியர் கைவிட்டவளுக்குக் கொண்டுவருவதுபோல.

என் கணவரிடம் சொன்னேன். ரயில் வரும், போகும், உலகம் எங்கும் போகாது, நீ தூங்கு என்றார். ஆனால் வேலைக்குப் புறப்படும்போது தெருமுனையில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கிற வழக்கம் அதன் பிறகுதான் அவருக்கு வந்தது. அதை நான் கவனித்துக்கொண்டேன்.

அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார், நான் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன். விழித்தபோது வீட்டில் சத்தமே இல்லை. சாரல்கூட ஓய்ந்திருந்தது. மலையிலிருந்து மூட்டம் இறங்கித் தெருவுக்குள் வந்திருந்தது. முன்னறைக்குப் போனேன். பாய்கள் விரித்தபடி கிடந்தன. ஒரு பாயின்மேல் மூக்குக்கண்ணாடி இருந்தது. ஒரு வேதம் திறந்தபடி கவிழ்ந்து கிடந்தது. அடுப்படியில் அம்மிமேல் பாதி அரைத்த மிளகாய். எங்களோடு வந்து தங்கியிருந்த இலஞ்சிப் பெண் அரைத்துக்கொண்டிருந்த மிளகாய் அது. கிணற்றடியில் ஒரு வேட்டி ஈரத்தோடு தரையில் கிடந்தது.

பெரியத்தானைக் கூப்பிட்டேன். வாய்விட்டு அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பதில் இல்லை. தெருவில் இறங்கினேன். எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் ஐந்தாறு. எல்லாக் கதவும் திறந்து கிடந்தன. ஒவ்வொரு வாசலிலும் நின்று குரல் கொடுத்தேன். ஒரு வீட்டில் தொட்டில் வெறுமையாகத் தொங்கியது. பிள்ளையும் இல்லை, பிள்ளையின் தாயும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. நடந்துவிட்டது என்று மட்டும் மனதுக்குள் ஒரு குரல் நிதானமாகச் சொன்னது. என்னை விட்டுவிட்டார்கள். வயிற்றில் இருப்பதையும் சேர்த்து விட்டுவிட்டார்கள். நான் என்ன பாவம் செய்தேன் என்று தேடினேன். சின்னச் சின்னதாக நிறைய அகப்பட்டது.

மூட்டத்துக்குள் ஏதோ அசைந்தது. செவலை. யார் அவிழ்த்தது என்று தெரியவில்லை, நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தது. அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். அதன் உடம்பிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போக எனக்குத் துணிவில்லை, விலகிப் போகவும் தோன்றவில்லை.

அப்போது முறத்தின் சத்தம் கேட்டது. கோனார் வீட்டு அக்கா தன் வாசலில் உட்கார்ந்து நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். வேறு நேரமாக இருந்தால் ஒரு மனுஷ முகத்தைக் கண்டதும் உயிர் வந்திருக்கும். அன்றைக்கு அவளைக் கண்டதும்தான் முழுதாக நம்பினேன். பிரசங்கியார் சொன்னது அதைத்தானே, மற்றவர்கள் இருப்பார்கள் என்று. அவள் இருக்கிறாள். அவள் முறம் இருக்கிறது. எங்கள் ஆட்களைத்தான் காணவில்லை.

கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன். எல்லாரும் எங்கே?

அவள் முறத்தை நிறுத்தாமல் சொன்னாள்: "எல்லாரும் போயாச்சுல்லா. ஒன்னைய மட்டும் கூட்டிட்டுப் போகலையாக்கும்?"

நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பதறிப்போய் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து என்னைத் தாங்கிப் பிடித்தாள். அவள் உடம்பிலிருந்து நெல் உமியும் மோரும் கலந்த வாடை வந்தது. அந்த வாடையைத்தான் பிடித்துக்கொண்டேன். அவள் மெல்ல மெல்லச் சொன்னதில் விஷயம் தெரிந்தது. மழை வெறித்ததும் பிரசங்கியார் திடீரென்று எழுந்து, இப்போதே புறப்படுங்கள் என்றாராம். போட்டது போட்டபடி எல்லாரும் ஐந்தருவிப் பக்கம் போயிருக்கிறார்கள். என்ன ஜெபமோ, யார் கண்டது என்றாள். பிள்ளைத்தாய்ச்சி வரக்கூடாது, எழுப்ப வேண்டாம் என்று அவர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

அவளே செவலையைப் பிடித்துக் கொட்டிலில் கட்டினாள். கட்டிவிட்டு, அவர்கள் இல்லாத தைரியத்தில், மடியிலிருந்த குங்குமத்தை எடுத்து அதன் நெற்றியில் வைத்தாள்.

இருட்டுகிற நேரத்தில் அவர்கள் திரும்பினார்கள். எல்லார் காலிலும் சேறு, பெண்களின் புடவை முழங்கால் வரைக்கும் ஈரம். எல்லார் முகத்திலும் ஒரே மாதிரியான வெளிச்சம். ஐந்தருவிக்குச் சற்று கீழே, காட்டு விளிம்பில் ஒரு பாறைத் தளத்தை இடமாகக் குறித்திருந்தார்கள். விறகு கொண்டுபோய் அடுக்கியாயிற்று. அடுத்த திங்கள்கிழமை என்று நாளும் வைத்துவிட்டார்கள். சாம்பலை ஒரு மண் ஜாடியில் மூடி, கப்பலில் அந்தத் தேசத்துக்குக் கொண்டுபோவது பிரசங்கியார் பொறுப்பு. பெரியத்தானின் தோளில் விறகு சுமந்த தடம் இருந்தது. அவர் மட்டும் யாரோடும் பேசாமல் நேராகக் கொட்டிலுக்குப் போனார். கிடாரியின் நெற்றியிலிருந்த குங்குமத்தைப் பார்த்தார். துடைக்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்து நான் கழுநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் கொட்டிலுக்குள் வந்தார். மாட்டைப் பார்த்துக்கொண்டு பேசுவார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துப் பேசினார்.

"அன்னைக்கு நீ தெருவுல விழுந்துட்டியாமே. கோனார் வீட்டுல சொன்னாங்க."

"விழலை. உக்காந்துட்டேன்."

"என்ன நெனச்சே?"

"எல்லாரும் போயிட்டீங்கன்னு நெனச்சேன். என்னைய விட்டுட்டு."

பிறகு அவர் சொன்னதை எந்தக் கிறிஸ்துமஸ் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. எருசலேமுக்குப் போகிற வழியில், குளிரிலும் மழையிலும், ஊர்ச் சனம் எல்லாம் சண்டைக்குப் பயந்து ஓடிப்போயிருந்தது. பாதையோரத்தில் ஒரு மரத்தடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். கூட யாருமில்லை. கழுதை வரிசையை நிறுத்த உத்தரவு கிடையாது. வரிசை போய்க்கொண்டே இருந்தது. அவள் கையை நீட்டவில்லை, கூப்பிடவில்லை. ஒவ்வொரு கழுதையாக, ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சுவரைப் பத்தி இத்தனை வருசமா சாட்சி சொல்லுதேன். அவளைப் பத்தி ஒரு நாளும் சொன்னதில்லை" என்றார். "நீ தெருவுல நின்னேன்னு கேட்டதும் அவ மொகம் வந்துட்டு."

நான் கேட்டேன், இதுதான் அந்தக் கிடாரி என்று அவருக்கு நம்பிக்கை இல்லையா என்று.

"இருக்கு" என்றார். "சந்தேகமே இல்லை. அதான் பயமா இருக்கு. கோயில் எழும்புனா நல்லதுன்னே நெனச்சுட்டு இருந்துட்டேன். இவங்க சொல்லுதபடி பாத்தா, இதுக்குச் சாம்பல் கொடுக்குதவன் அத்தனை உபத்திரவத்துக்கும் கதவைத் தொறந்து விடுதான்லா."

சனிக்கிழமை காலையில் உபவாச ஜெபம். முன்னறை நிரம்பி வாசல் வரைக்கும் ஆட்கள். பிரசங்கியார் சுருளுக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். என் கணவருக்கு அன்று காலையில் வேலை இல்லை, அடுப்படி வாசலில் என்னோடு நின்றார். கொட்டிலின் பக்கம் சங்கிலிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம்.

பெரியத்தான் கோனார் வீட்டுக் கிழட்டு எருதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பக்கத்தில் செவலை. கையில் நுகத்தடி. வேலிக்கு அப்பால் கோனார் வீட்டு அக்கா தலையில் கைவைத்து நின்றாள். "பொட்டைக் கன்னு கழுத்துல ஏத்தலாமா அண்ணாச்சி, பாவம்லா" என்றாள். எங்கள் பக்கத்தில் உழவுக்குப் பசுவைப் பூட்ட யாரும் துணியமாட்டார்கள்.

"இந்தப் பாவம் ஏங்கிட்ட இருந்துட்டுப் போட்டும்க்கா" என்றார் அவர்.

ஜெபத்திலிருந்தவர்கள் அதற்குள் பார்த்துவிட்டார்கள். சத்தம் நின்றது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாராவது ஓடிப்போய்த் தடுப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை. அந்தப் பிராணியின்மேல் கைபடக் கூடாது என்று அத்தனை நாள் பழகியிருந்ததால் இப்போதும் கை வரவில்லையோ என்னவோ.

நுகம் அதன் கழுத்தில் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வானம் பிளக்கும் என்றோ, பூமி அதிரும் என்றோ உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. சாரல் பெய்துகொண்டே இருந்தது. கிடாரியின் தோல் கழுத்திலிருந்து வால்வரைக்கும் ஒரு தடவை சிலிர்த்தது. கண்ணைத் திறந்தபோது அது காலைப் பரப்பி நின்றிருந்தது. பெரியத்தான் ஏரின் மேழியைப் பிடித்து, நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுத்தார். அது முதல் அடி எடுத்து வைத்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னத் துண்டு நிலத்தில், ஈர மண்ணில், ஒரே ஒரு உழவுச் சால். போய்த் திரும்பவில்லை. கடைசியில் நிறுத்தி, நுகத்தை இறக்கினார். இறக்கியதும் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நேற்றுச் செத்த பிள்ளைக்கு அழுகிறவர்போல.

பிரசங்கியார் சாலின் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. உள்ளே போய்ச் சுருளை அவிழ்த்து நிதானமாகச் சுற்றினார். குடையை எடுத்துக்கொண்டார். பெரியத்தானுக்கு முன்னால் வந்து நின்று, "இது இல்லெங்கில் வேறொண்ணு பிறக்கும்" என்றார். "ஒருவேளை, இப்போதே எங்கேயோ நிக்குதாயிருக்கும்."

அவ்வளவு மெதுவாகச் சொன்னார். எனக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சபையில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். கர்த்தருடைய வருகையைத் தடுத்தவர் என்று பெரியத்தானுக்குப் பேர் வைத்தார்கள். முகத்துக்கு நேரே சொல்லவில்லை, ஆனால் எங்கள் சபைக் கோயிலில் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அதன் பிறகு கிறிஸ்துமஸ் அன்றைக்கு அவரை எழுப்பிப் பேசச் சொன்னதும் இல்லை. பாய் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தார். நடந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை என்றுதான் நான் நினைத்தேன். ஒரு நாள் அவர் போகும்போது கொட்டிலில் நின்று, கிடாரியின் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். செவலையும் பிறகு சினைப்பட்டது, கன்று போட்டது, மற்ற மாடுகளைப்போலப் பால் கொடுத்தது.

ஒன்றுமட்டும் இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. குழந்தை நடக்கத் தொடங்கிய சமயம், ஒரு மனிதர் வந்தார். நடுத்தர வயது, கோட்டு போட்டிருந்தார், முகத்தில் களைப்பு. ஊர் எது என்று சொல்லவில்லை. சிவப்பு மாடு இருக்கிறதாமே, பார்க்கலாமா என்று சுத்தமான தமிழில் கேட்டார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். காட்டினேன். அதன் கழுத்தில், அந்த ஒரே ஒரு நாள் நுகம் அழுத்திய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அங்கே தடம் எதுவும் கிடையாது. எப்படி அந்த இடத்தில் சரியாக வைத்தார் என்று எனக்குத் தெரியாது. "சரி" என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். இன்னும் பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியத்தானிடம் சொன்னபோது அவர் சோறு உண்ணாமல் எழுந்துவிட்டார்.

பிறகு இரண்டாவது யுத்தம் வந்தது. எங்கள் சபையிலிருந்தும் பையன்கள் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அதில் ஒரு விதவையின் ஒரே மகன் மலாயா பக்கம் போனவன். சண்டை முடிந்தும் அவனைப் பற்றித் தகவல் ஒன்றும் இல்லை. செத்தான் என்றும் வரவில்லை, இருக்கிறான் என்றும் வரவில்லை. ஒரு நாள் உச்சிவேளையில் அவள் எங்கள் முற்றத்தில் வந்து நின்றாள். பெரியத்தான் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அப்போதே அவருக்கு மூச்சு வாங்கும்.

"நீங்க அன்னைக்கு விட்டிருந்தீங்கன்னா எம்மவன் சண்டைக்கே போயிருக்க மாட்டான்" என்றாள். "அதுக்கு முந்தியே எல்லாம் முடிஞ்சிருக்கும். நானும் அவனும் அங்கன இருந்திருப்போம்."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்து வந்திருப்பாள்போலும். அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா தாயி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் தளர்ந்து உட்கார்ந்தாள். நான் கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். அவர் மெதுவாக, பையன் எந்தப் பட்டாளம், எந்தக் கப்பல் என்று விசாரித்தார். பட்டாளத்தில் காணாமல் போனவர்கள் பல வருஷங்கள் கழித்து வந்து நின்றதைச் சொன்னார். அதன் பிறகு அவள் அடிக்கடி வருவாள். பேச்செல்லாம் மகனைப் பற்றித்தான். அவரும் சலிக்காமல் கேட்பார்.

யூதர்களுக்குத் தனி நாடு உண்டாகிவிட்டது என்று பேப்பரில் வந்த வாரம். என் கணவர் வாசித்துச் சொன்னார். பெரியத்தான் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த விதவை வந்துவிட்டாள். ஊரெல்லாம் அதே பேச்சு, அவளுக்கும் எட்டியிருந்தது. அந்த வருஷம் சாரல் முந்தியே தொடங்கியிருந்தது. ஈரத் தலையோடு கட்டில் அருகில் குனிந்தாள்.

"இனிக் கோயில் கட்டுவாங்களா?"

"கட்டுவாங்கன்னுதான் தோணுது" என்றார்.

"கட்டுனா அவன் வந்துருவாம்லா?"

யாரைச் சொல்கிறாள், அந்த ஆசனத்தில் உட்காரப்போகிறவனையா, மகனையா என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். பெரியத்தானுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவர் என் பக்கம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "வருவான் தாயி" என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சாரல் முடியுமுன்னே பெரியத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்று அவள் புறப்படும்போது மழை வலுத்துவிட்டது. என் மகள் ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினாள். அந்தத் தாய் நின்று, குனிந்து, அதைத் தலையில் போட்டுக்கொண்டு, தென்காசி ரோட்டில் இறங்கி நடந்தாள்.